குளிர் மலையில் குளியலறைத் தரை: எதைத் தேர்ந்தெடுப்பது?

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் வீட்டையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

சரிவில் கட்டப்பட்ட இரண்டு நிலை வீடு. மாமனார் 1998-இல் கட்டியது. சாலை மட்டத்திலுள்ள மேல்நிலையில், 8 அடிக்கு 5 அடி அளவில், கழிப்பிடமும் குளியலறையும் சேர்ந்த ஒரே அறை இருக்கிறது. அதற்கு நேர் கீழே பொருள்கள் வைக்கும் அறை. குளியலறைத் தரையில் பளபளப்பான வெள்ளைச் செராமிக் டைல் பதித்திருக்கிறார்கள். டைல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் கறுத்துப்போயிருக்கின்றன. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் வெளுத்து, ஒரு மாதத்துக்குள் மறுபடியும் கறுத்துவிடுகின்றன. கீழறையின் கூரையில் ஓர் ஈரத்திட்டு தென்படுகிறது. சென்ற ஐப்பசியில், 74 வயதான மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வீட்டில் 5 வயது மகளும் இருக்கிறாள்.

தரையை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் எதைப் போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. கோயம்புத்தூரிலிருக்கும் நாத்தனார் மார்பிள் என்கிறார். டைல் கடைக்காரர், குளிருக்கு இதமாக இருக்கும் என்று சொல்லி, மரம் போலத் தோன்றும் எஸ்பிசி பலகையை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது) காட்டுகிறார். மேஸ்திரியோ பழைய டைலை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டி இரண்டே நாளில் முடித்துத் தருவதாகவும், பத்தாண்டு உத்தரவாதம் என்றும் சொல்கிறார். மாமியாருக்குப் பழைய காவித் தரைதான் பிடித்தம். வாசகியின் சொந்த விருப்பம் 4 அடிக்கு 2 அடி அளவுள்ள பெரிய பளபளப்பு டைல். இடுக்கு குறைந்தால் கழுவுவது எளிது என்பது அவர் கணக்கு. பெட்டியில் ஆர் 9 என்று அச்சிட்டிருப்பதால் அது வழுக்காது என்று கடையில் உறுதி சொல்லியிருக்கிறார்கள். மூடுபனி உள்ளே வந்துவிடும் என்று குளியலறைச் சன்னலை எப்போதும் மூடியே வைத்திருப்பதையும், மின்வெட்டுக்குப் பயந்து கேஸ் கீசர் ஒன்றை அறைக்குள்ளேயே மாட்டியிருப்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். பொங்கலுக்குள் வேலையை முடிக்க முடியுமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடிய சன்னலும் அறைக்குள் எரியும் கேஸ் கீசரும் ஒன்றாக இருப்பது, வழுக்கும் தரையைவிடப் பெரிய ஆபத்து. காற்றோட்டமில்லாத சிறிய அறையில் எரிவாயு எரியும்போது பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றல் என்று உணர்வதற்குள்ளாகவே நினைவு தப்பிவிடக்கூடும். தரை வேலைக்குக் காத்திருக்க வேண்டாம். கீசரை வெளிச்சுவரில், மழை படாத மறைப்பின் கீழ் மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை எவரும் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு அதைப் பற்றவைக்கக் கூடாது. ஒரு வாளி வெந்நீரை முன்கூட்டியே பிடித்து, கீசரை அணைத்த பிறகு குளிக்கச் செல்வது பாதுகாப்பு.

இனித் தரைக்கு வருவோம். உங்கள் வீட்டில் எல்லோரும் மேலே தெரியும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். சமவெளியில் அது ஓரளவுக்குப் பொருந்தும். காலையில் நனைந்த தரை அங்கே மதியத்துக்குள் உலர்ந்துவிடும். நம் மலையில், ஐப்பசி முதல் மார்கழி வரை, நனைந்த தரை மறுநாள் குளியல்வரை ஈரமாகவே கிடக்கிறது. ஆகவே இங்கே நீண்ட நாள் உழைக்கும், எளிதில் கழுவக்கூடிய தரை வேண்டுமானால், நீர் அதன் மேல் தங்காமல் ஓடவும், அதன் அடியில் இறங்காமல் தடுக்கப்படவும், எஞ்சிய ஈரம் காற்றில் கலந்து வெளியேறவும் வழி செய்தாக வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் நடுத்தர விலை டைலே போதும். இவை அமையாவிட்டால் விலை உயர்ந்த கல்லும் சில ஆண்டுகளில் கறுத்துவிடும்.

பளபளப்பும் பெட்டியின் மேலுள்ள எண்ணும்

ஆர் 9 என்ற குறியீடு வழுக்காது என்பதற்கான சான்றிதழ் இல்லை. அது டின் 51130 என்ற ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வருவது. எண்ணெய் தடவிய சாய்தளத்தின் மேல், காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வில் அவருக்குக் கால் வழுக்கத் தொடங்குகிறது என்று அளக்கிறார்கள். 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. இப்படி ஆர் 13 வரை போகிறது. அதாவது ஆர் 9 என்பது அந்த வரிசையின் அடிமட்டப் படி. தவிரவும், நாம் குளியலறைக்குள் காலணி அணிந்து போவதில்லை. வெறுங்காலுக்கென்று டின் 51097 என்ற தனிச் சோதனை இருக்கிறது. அதில் சோப்பு நீர் ஓடும் சாய்தளத்தில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். குறைந்தது 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. பொதுக் குளியலிடங்களுக்கும் நீச்சல்குளக் கரைகளுக்கும் பி வகுப்பைக் கேட்பது வழக்கம். உங்களுக்கும் அதுவே வேண்டும். கடையில் வைத்திருக்கும் பெட்டியில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிஇஐ என்று இன்னொரு எண்ணையும் காட்டுவார்கள். அது மேற்பூச்சு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதைச் சொல்வது, வழுக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் ஆர் 12, ஆர் 13 என்று மிகச் சொரசொரப்பானதை வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். வேண்டாம். அவை ஆலைகளுக்கும் பெரிய சமையற்கூடங்களுக்கும் உரியவை. சீயக்காய்த் தூளும் சோப்பும் அந்தக் குழிகளில் படிந்து, தினம் தேய்ப்பது உங்கள் வேலையாகிவிடும். ஆர் 10 அல்லது ஆர் 11, வெறுங்கால் வகுப்பு பி, மேற்பரப்பு பளபளப்பில்லாத மேட் பினிஷ்: இதுதான் பிடிமானமும் கழுவும் வசதியும் சந்திக்கும் இடம். முடிவு செய்வதற்கு முன் இரண்டு மூன்று மாதிரி டைல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்பு நீரை ஊற்றி வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பிறகு தேங்காயெண்ணெயும் மஞ்சளும் சீயக்காயும் சிறிது தடவி ஓர் இரவு விட்டு, காலையில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். கறை முழுவதும் போகிறதா என்று பார்த்தபின் வாங்கினால் போதும். கடையின் வெளிச்சத்தில் எல்லா டைலும் அழகாகத்தான் இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: தூய வெள்ளையில் மழைக்காலச் செம்மண் கலங்கலும் கருப்பில் சோப்புப் படிவும் அப்பட்டமாகத் தெரியும். நடுத்தரச் சாம்பலோ மணல் நிறமோ தேர்ந்தெடுங்கள்.

பெரிய டைலின் கணக்கு ஏன் பொய்க்கிறது

இடுக்கு குறைந்தால் கழுவுவது எளிது என்ற உங்கள் எண்ணம் கூடத்துக்கும் சுவருக்கும் சரி. குளியலறைத் தரை சமதளமாக இருக்க முடியாது. குளிக்கும் பகுதியில் ஓரடிக்குக் கால் அங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். நாலு பக்கமிருந்தும் ஒரு துளையை நோக்கி நீர் வர வேண்டுமென்றால் தரை மெல்லிய புனல் வடிவில் அமைய வேண்டும். 4 அடி நீளமுள்ள விறைப்பான பலகையை அப்படி வளைக்க முடியாது. அதைக் குறுக்கே அறுத்து ஒட்டுவார்கள், அல்லது சரிவையே குறைத்துவிடுவார்கள். முன்னதில் நீங்கள் தவிர்க்க நினைத்த இடுக்குகள் கோணல்மாணலாகத் திரும்பி வரும். பின்னதில் நீர் தேங்கும். தரைக்கு 1 அடிக்கு 1 அடி, அதாவது 300 மில்லிமீட்டர் அளவு பொருந்தும். இடுக்குகள் கூடுவதால் காலுக்குப் பிடிமானமும் கூடும். உங்கள் ஆசைக்குரிய பெரிய பளபளப்பு டைலைச் சுவருக்குப் போடுங்கள், அங்கே அதைவிட நல்லது வேறில்லை.

உங்கள் அறையின் அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வடிகால் கதவுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். குளிக்கும் பாதியில் 5 அடி ஓட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவு. கழிப்பிடமுள்ள உலர்ந்த பாதியில் ஓரடிக்கு அரைக்கால் அங்குலம் வீதம் 4 அடிக்கு அரை அங்குலம். ஆக, கதவடியிலிருந்து வடிகால்வரை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குல இறக்கம் வேண்டும். இந்த இறக்கத்தைப் பழைய தரையை உடைத்தால்தான் பெற முடியும். கதவடியில் இரண்டங்குலப் படி வைத்து நீரைத் தடுக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் மாமியார் மறுபடி விழுவதற்கு அந்தப் படியே போதும். சரிவு சரியாக இருந்தால் அரை அங்குலத்துக்கு மேல் தடுப்பு தேவைப்படாது.

மற்ற யோசனைகள்

மார்பிள் வேண்டாம். அது கால்சியம் கார்பனேட் கல். கழிப்பறை சுத்தம் செய்யும் திரவங்களில் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஒரு துளி தெறித்தாலும் மார்பிளில் மங்கிய வடு விழும், எலுமிச்சைச் சாறுகூட அதை அரிக்கும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், அதற்கும் இதே கதி. கல்தான் வேண்டும் என்றால், தீயால் சொரசொரப்பாக்கிய கிரானைட்டைப் பற்றி யோசிக்கலாம். அது அமிலத்துக்கு அசையாது, ஆனால் எடை மிகுதி, மலைமேல் ஏற்றும் கூலியும் மிகுதி, சொரசொரப்பில் அழுக்கும் தங்கும்.

எஸ்பிசி பலகை நீரால் ஊறாது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தப் பலகைகளுக்குச் சமதளம் தேவை, நமக்கோ சரிவு தேவை. வாளி வாளியாக நீர் ஊற்றிக் குளிக்கும் அறையில் பூட்டுகளின் வழியே நீர் அடியில் இறங்கி, வெளியேற வழியின்றி நாறத் தொடங்கும். குளியலறைக்கு வெளியே உடை மாற்றும் இடத்துக்கு அது நல்ல தேர்வு. மரம் போன்ற தோற்றமுடைய டைலும் கடைகளில் கிடைக்கிறது. தோற்றம் மரமானாலும் காலுக்கு டைலின் குளிர்ச்சிதான்.

காவித் தரையைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நன்றாக இழைத்த காவித் தரை தலைமுறைகளுக்கு உழைக்கும், இடுக்கே கிடையாது. கூடத்துக்கு இப்போதும் அதை விரும்பிப் பரிந்துரைப்பேன். ஆனால் இழைத்துப் பளபளப்பேறிய சிமெண்டுப் பரப்பு சோப்பு நீர் பட்டால் வழுக்கும். ஒரு விரிசல் விழுந்தால் நீர் நேராகக் கீழறைக்கு இறங்கும். அதைப் பதமாக இழைக்கத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. ஆத்தங்குடி டைலும் சிமெண்டுதான், நீரை உறிஞ்சும், குளியலறைக்கு ஆகாது.

எஞ்சியிருப்பது உயர் வெப்பத்தில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு டைலும் செராமிக் டைலும். தரைக்குரிய செராமிக் டைல் தன் எடையில் 3 முதல் 6 விழுக்காடு வரை நீரை உறிஞ்சக்கூடியது. சுவர் டைல் 10 விழுக்காட்டுக்கும் மேல். விட்ரிஃபைடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மாதக்கணக்கில் ஈரம் உலராத இடத்தில் இந்த வேறுபாடு பெரிது. எனவே 300 மில்லிமீட்டர் மேட் விட்ரிஃபைடு என்பது என் பரிந்துரை. 40 சதுர அடிக்கு 42 டைல் பிடிக்கும். வெட்டுச் சேதத்துக்குப் பத்திலொரு பங்கு சேர்த்து 46 வரும். அதற்கு மேலும் ஒரு பெட்டி வாங்கிப் பரணில் வையுங்கள். இந்தியாவின் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. வடிவமைப்புகள் அடிக்கடி மாறுவதால், பின்னாளில் அதே டைல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. எல்லாப் பெட்டியிலும் நிறக்குறி எண்ணும் அளவுக்குறி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள்; பதித்த பிறகு கண்டுபிடித்தால் மேட்டுப்பாளையத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

இடுக்குகள் ஏன் கறுக்கின்றன

உங்களை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. இடுக்கில் நிரப்பியிருப்பது சிமெண்டுக் கலவை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றில் ஈரமும் சோப்பும் உடலழுக்கும் தங்க, பூஞ்சை வளர்கிறது. ஆசிட் ஊற்றும்போது மேலிருக்கும் பூஞ்சையோடு சிமெண்டும் கரைகிறது. துளைகள் இன்னும் பெரிதாகின்றன. அடுத்த முறை பூஞ்சைக்கு இடம் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளுத்ததாக நீங்கள் நினைத்தது, இடுக்கின் ஒரு படலம் போய்விட்டதைத்தான். கரைந்த இடுக்கின் வழியே நீர் அடியில் இறங்கியிருக்கவும் கூடும். கீழறையின் ஈரத்திட்டுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

புதிய தரைக்கு எபாக்சி கிரவுட் (சிமெண்டுக்குப் பதில் ரெசினால் ஆன இடுக்கு நிரப்பி) கேளுங்கள். அது நீரை உறிஞ்சாது, வீட்டுக் கறைகள் எதுவும் அதற்குள் இறங்காது. சிமெண்டுக் கிரவுட்டைப் போலப் பல மடங்கு விலை என்று மேஸ்திரி தயங்குவார். 3 மில்லிமீட்டர் இடுக்கு வைத்தால் உங்கள் தரை முழுமைக்கும் ஒன்றரை அல்லது இரண்டு கிலோ போதும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். மொத்தச் செலவில் அது பெரிய தொகையாகாது. பணத்தை எங்காவது கூட்டுவதென்றால் இங்கே கூட்டுங்கள், டைலின் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். எபாக்சி பூசுபவருக்கு அதில் பழக்கம் இருக்க வேண்டும். டைலின் மேல் படிந்த பசையைக் கெட்டிப்படுவதற்குள் கழுவி எடுக்காவிட்டால் மேட் பரப்பில் அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. ஆசிட் பழக்கம் சமவெளியிலிருந்து வந்தது. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவைக் கரைக்க அது தேவைப்படுகிறது. நீலகிரியின் பாறைகளில் சுண்ணாம்பு குறைவு. நம் ஊற்று நீரும் ஓடை நீரும் பெரும்பாலும் மென்னீர். இங்கே தரையில் படிவது எண்ணெயும் சோப்பும்தான், அவற்றுக்குச் சூடான நீரில் கரைத்த சலவைச் சோடாவோ பாத்திரம் கழுவும் சோப்போ போதும். வாரம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அன்றாடம் கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் நீரைத் தள்ளிவிட்டு வந்தால், அதற்கு மேல் வேலை இராது. பினாயில் மணக்கும், கிருமியைக் குறைக்கும். எண்ணெய்ப் பசையை எடுக்காது. எக்காரணம் கொண்டும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பழைய டைலின் மேலேயே ஒட்டலாமா?

கீழே ஈரத்திட்டு இல்லாத வீடாக, தரைச் சரிவும் சரியாக இருந்தால், மேஸ்திரியின் யோசனையை மறுக்க மாட்டேன். உங்கள் வீட்டில் அது, புண்ணுக்கு மருந்திடாமல் புதுத்துணி சுற்றுவது போல ஆகிவிடும். தரை முக்கால் அங்குலம் உயர்ந்து, கதவை அறுக்க வேண்டிவரும். வடிகால் வாய் பள்ளத்தில் போய் அழுக்குச் சேரும். ஒழுக்கு அப்படியே தொடரும்.

உடைத்துப் பார்த்தால்தான் ஒழுகுவது எது என்பது தெரியும். பெரும்பாலும் குற்றவாளி தரையாக இருப்பதில்லை. நஹானி டிராப் (தரை நீர் வடியும் வாயின் அடியிலுள்ள கிண்ணம்) தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் உள்ள இடைவெளியோ, குழாய் இணைப்போதான் காரணமாக இருக்கும். அந்தக் காலத்தில் கழிப்பறைக் குழாய்களுக்காகத் தளத்தைத் தாழ்த்தி வார்த்து, பள்ளத்தைச் செங்கல் சல்லியால் நிரப்புவார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், அந்தச் சல்லி இத்தனை ஆண்டுகளாக நீரில் ஊறிக் கிடக்கும். அதை முழுவதும் எடுத்துவிட்டு உலரவிட வேண்டும். பிறகு டிராப்பைச் சுற்றிச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலைகளை உருட்டிப் பூசி, பாலிமர் சிமெண்டு நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை பூசச் சொல்லுங்கள். இரண்டாவது கை முதல் கைக்குக் குறுக்காகப் போக வேண்டும். சுவரில் ஓரடி உயரம்வரையும், குளிக்கும் பக்கத்தில் ஆறடிவரையும் பூச்சு ஏற வேண்டும்.

பூச்சு காய்ந்த பின், வடிகாலை அடைத்து இரண்டங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 48 மணி நேரம் விட்டுவையுங்கள். மட்டம் கணிசமாக இறங்கினாலோ கீழறையில் புதிதாக ஈரம் தென்பட்டாலோ, டைல் பதிக்க அனுமதிக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு மேஸ்திரி இரண்டு நாள் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். டைல் பதித்த பிறகு கண்டுபிடிக்கும் ஒழுக்குக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

விட்ரிஃபைடு டைலைச் சிமெண்டுப் பாலால் ஒட்டக் கூடாது. அது நீரை உறிஞ்சாது என்பதாலேயே சிமெண்டும் அதைப் பற்றிக்கொள்ளாது. ஐ.எஸ். 15477 தரநிலைக்கு உட்பட்ட டைல் பசையை வாங்கி, பல்கரண்டியால் சீராகப் பரப்பிப் பதிக்கச் சொல்லுங்கள். காய்ந்தபின் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அதன் அடியில் பசை இல்லை. இடிபாடுகளைச் சரிவில் கொட்டிவிட வேண்டாம், அடுத்த மழைக்கு அது கீழேயுள்ளவரின் தோட்டத்திலோ ஓடையிலோ போய்ச் சேரும்.

சன்னலைத் திறந்தால் ஈரம் கூடுமா?

மூடுபனி கண்ணுக்குத் தெரிவதால் வெளிக்காற்றுதான் ஈரமானது என்று தோன்றுகிறது. உண்மையில் குளிர்ந்த காற்றால் மிகக் குறைந்த நீராவியையே தாங்க முடியும். 12 டிகிரி செல்சியஸில், பனி மூடிய காற்றில்கூட, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 கிராம் நீராவிதான் இருக்கும். வெந்நீரில் குளித்து முடித்த 22 டிகிரி அறைக்காற்றில் சுமார் 19 கிராம் வரை இருக்கும். அதை வெளியேற்றி வெளிக்காற்றை உள்ளே விட்டால் அறை உலரவே செய்யும். கீசரை வெளியே மாற்றிய பின், 6 அங்குல வெளியேற்று விசிறி ஒன்றை மேற்சுவரில் பொருத்தி, குளித்தபின் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கதவின் அடியில் காற்று வர ஓர் அங்குல இடைவெளி இருக்கட்டும். கீசர் உள்ளே இருக்கும்வரை விசிறியைப் போடாதீர்கள், அது புகையை அறைக்குள்ளேயே இழுத்துவிடக்கூடும்.

தரையின் குளிர்ச்சிக்கு, டைலுக்கு அடியில் பதிக்கும் மின்சூட்டு விரிப்பு கிடைக்கிறது. சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட் மின்சாரம் இழுக்கும்; இரண்டு சதுர மீட்டருக்கு மணிக்கு 0.3 யூனிட். மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் அதை இணைக்கக் கூடாது. மின்வெட்டு மிகுந்த ஊரில் இவ்வளவு ஏற்பாடு தேவையா என்பது என் ஐயம். உலர்ந்த பாதியில் கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பு ஒன்றே பெரும்பாலானோருக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒப்பந்தமும் காலமும்

மேஸ்திரி வாய்மொழியாகச் சொன்ன பத்தாண்டு உத்தரவாதத்தை நம்பி முழுப்பணமும் கொடுத்துவிடாதீர்கள். பூச்சின் பெயர், எத்தனை கை, நீர் தேக்கும் சோதனை, சரிவின் அளவு, எபாக்சி கிரவுட் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பத்திலொரு பங்கு தொகையை அடுத்த மழைக்காலம் கழிந்த பின் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். டைலுக்கும் பசைக்கும் ரசீது கட்டாயம் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளிலோ சேவையிலோ குறை நேர்ந்தால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ரசீதும் எழுத்தும் இல்லாவிட்டால் அங்கே சொல்ல உங்களிடம் எதுவும் இராது. உள்ளூர் மேஸ்திரியோடு ஆணையம்வரை போவது எவருக்கும் இனிமையான காரியம் இல்லை. எழுத்து இருந்தாலே பெரும்பாலும் அந்த நிலை வராது.

பொங்கலுக்குள் முடிக்க நினைக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாள்கள் உண்டு. அந்தக் குளிரில் சிமெண்டு இறுகுவது மந்தமாகும், நீர்த்தடுப்புப் பூச்சு காயாது, எபாக்சியும் மெல்லவே கெட்டிப்படும். மாசிப் பிறப்பில் உடைத்து, பங்குனிக்குள் முடிப்பது உங்களுக்கு உகந்த காலம். கோடை மழைக்கு முன்பே எல்லாம் காய்ந்துவிடும். உடைப்பதிலிருந்து பயன்பாட்டுக்கு வருவதுவரை மூன்று வாரம் என்று கணக்கிட்டு, மாமியாருக்கு மாற்று ஏற்பாட்டை யோசித்து வையுங்கள்.

அதுவரை செய்யக்கூடியவை இருக்கின்றன. குளிக்கும் இடத்தில் அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ள ரப்பர் விரிப்பைப் போட்டு, தினம் கழற்றி நிமிர்த்தி உலரவிடுங்கள். கழிப்பிடத்தின் அருகிலும் குளிக்கும் இடத்திலும், தரையிலிருந்து 34 அங்குல உயரத்தில், ஒன்றரை அங்குலக் கனமுள்ள எஃகுக் கைப்பிடியைச் சுவரில் துளையிட்டு இறுக்குங்கள்; உறிஞ்சு ஒட்டும் வகை கைப்பிடியை நம்ப வேண்டாம்.  மாமியாரின் எண்ணெய்க் குளியலுக்கு, ரப்பர் பாதம் வைத்த முக்காலி ஒன்றை வாங்கி, உட்கார்ந்தே குளித்து முடிக்கச் சொல்லுங்கள். எழுவதற்கு முன், தரையில் சிந்திய எண்ணெயைச் சீயக்காய் நீரால் வேறொருவர் கழுவிவிட வேண்டும்.